சின்ஹகட், லோஹகட், ராஜ்கட்: முதல் மலை ஓட்டத்துக்கு எந்தக் கோட்டை?

புனேல வேலைக்கு வந்து செட்டில் ஆன நம்ம ஊர் ரன்னர்ஸ், இல்லன்னா சென்னை கோயம்புத்தூர்ல இருந்து ஒரு லாங் வீக்கெண்டுக்கு இந்தப் பக்கம் வர்றவங்க, எல்லாரும் கேக்குற கேள்வி ஒண்ணுதான்: ரோட்ல பத்து, இருபத்தொண்ணு கிலோமீட்டர் ஓடிப் பழக்கம் இருக்கு, மலைல ஓடினது இல்ல, சஹ்யாத்ரி (மகாராஷ்ட்ரா பக்கத்து மேற்குத் தொடர்ச்சி மலை) கோட்டைல ஒண்ணை ஓடிப் பாக்கணும், எதுல ஆரம்பிக்கலாம்? யாரைக் கேட்டாலும் சின்ஹகட்னு பட்டுனு சொல்லிடுவாங்க, பக்கத்துல இருக்கு, பஸ் இருக்கு, எல்லாரும் போறாங்க. என் பதில் வேற. முதல் ஓட்டத்துக்கு லோஹகட்–விசாபூர் போங்க, சின்ஹகட்டை ட்ரெயினிங்குக்கு வெச்சுக்கோங்க, ராஜ்கட்டை இப்போதைக்கு ஓட வேணாம், ஒரு நாள் முழுசா ஒதுக்கி ஏறிப் பாருங்க. ஏன்னு விரிவாவே சொல்றேன், ஏன்னா இந்த மூணுக்கும் இருக்குற வித்தியாசம் உயரத்தையும் தூரத்தையும் மட்டும் பாத்தா புரியவே புரியாது.

முதல்ல இந்த மலையோட குணம் தெரியணும். ஊட்டி, ஏற்காடு பக்கம் பாக்குற மலை இல்ல இது. சுமார் 6.6 கோடி வருஷத்துக்கு முன்னாடி எரிமலைக் குழம்பு அடுக்கடுக்கா வழிஞ்சு இறுகின பாறை, டெக்கான் ட்ராப்னு சொல்வாங்க, கருப்பு பசால்ட். அதனால கீழ ஒரு சரிவு வரும், அதுக்கு மேல நேர்குத்தா பாறைச் சுவர், அதுக்கு மேல தட்டையா ஒரு மேடை, திரும்ப சரிவு, திரும்ப சுவர். கோட்டை கட்டினவங்களுக்கு இதுல பாதி மதில் ஏற்கனவே ரெடியா இருந்துச்சு, இடைவெளி இருக்குற இடத்துல மட்டும் கல்லு வெச்சு அடைச்சு வாசல் வெச்சா போதும். ஓடுறவங்களுக்கு இதோட அர்த்தம் என்னன்னா, மேடைல நல்லா ஓடலாம், சரிவு முழுக்க உதிரிச் சரளை, பாறைச் சுவர் வர்ற இடத்துல ஓட்டம் நின்னு கை வெச்சு ஏற ஆரம்பிச்சுடணும். ஒரு கோட்டைல இந்த மூணும் எந்த அளவுல கலந்திருக்குங்கிறதுதான் நீங்க பாக்க வேண்டிய கணக்கு.

தூரம் ஏன் ஏமாத்தும்னா, ட்ரெயில் ரன்னிங்ல ஒரு எளிய கணக்கு இருக்கு, சர்வதேச ட்ரெயில் ரன்னிங் சங்கமே ரேஸை வகைப்படுத்த அதைத்தான் வெச்சிருக்கு: 100 மீட்டர் ஏத்தத்தை ஒரு கிலோமீட்டரா எண்ணி தூரத்தோட கூட்டிக்கணும். அப்படிப் பாத்தா சின்ஹகட்டுக்கு ஆட்கர்வாடில இருந்து போற பாதை ரெண்டரை கிலோமீட்டருக்கு கொஞ்சம் மேலதான், ஆனா ஏத்தம் கிட்டத்தட்ட 600 மீட்டர், அதாவது ஏறுறதே எட்டு ஒம்பது கிலோமீட்டர் உழைப்பு. நம்ம பரங்கிமலை மொத்தமே 90 மீட்டர் சுமார்தான், அதை நிறுத்தாம ஆறு ஏழு தடவை ஏறினா எப்படி இருக்கும்னு யோசிச்சுக்கோங்க.

ஆனா இந்தக் கணக்குலயும் ஒரு பெரிய ஓட்டை இருக்கு, இறக்கத்தை இது கண்டுக்கவே கண்டுக்காது. ரோட்ல ஓடுறவங்க ஏத்தத்துக்குத்தான் பயப்படுவாங்க, மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும், சரி, நடந்துக்கலாம், நடந்தா சரியாயிடும், அதுல ஒரு அவமானமும் இல்ல, பெரிய பெரிய அல்ட்ரா ரன்னர்ஸே செங்குத்து ஏத்தத்தை கையைத் தொடைல ஊனி நடந்துதான் ஏறுவாங்க. இறங்குறப்போதான் விஷயமே. தொடையோட முன்பக்கத் தசை இழுபட்டுக்கிட்டே பிரேக் போடணும், சமதரைல ஓடுறப்போ அந்த வேலை அந்த அளவுக்கு அதுக்கு வர்றதே இல்ல, அதனால பழக்கமில்லாத கால் பாதி இறக்கத்துலயே நடுங்க ஆரம்பிச்சுடும், நடுங்குற கால் சரளைல வழுக்கும். அடுத்த ரெண்டு மூணு நாள் மாடிப்படி இறங்க முடியாம போறதும் இதனாலதான். நல்ல செய்தி என்னன்னா ஒரு தடவை அளவா இறங்கிப் பழகிட்டா அடுத்த சில வாரத்துக்கு அதே இறக்கம் அவ்வளவு வலிக்காது, தசை கத்துக்கும். அதனால முதல் கோட்டையை மேல இருந்து தெரியுற வியூவை வெச்சோ புகழை வெச்சோ தேர்ந்தெடுக்காதீங்க, எப்படி இறங்கப் போறீங்கங்கிறதை வெச்சு தேர்ந்தெடுங்க. நான் இந்த மூணையும் ஒப்பிடுறது முழுக்க இந்த ஒரு கண்ணோட்டத்துலதான்.

சின்ஹகட்டை எடுத்துக்கலாம். கடல்மட்டத்துல இருந்து 1,312 மீட்டர், புனேல இருந்து தென்மேற்கா முப்பது கிலோமீட்டர் சொச்சம், கடக்வாஸ்லா டேமைத் தாண்டிப் போகணும். ஸ்வார்கேட் பக்கம் இருந்து சிட்டி பஸ் இருக்கு, அடிவாரம் வரைக்கும் கொண்டு விட்டுடும். விடியறதுக்கு முன்னாடியே ஹெட்லேம்ப் போட்டுக்கிட்டு ஆளுங்க ஏற ஆரம்பிச்சுடுவாங்க, பள்ளிக்கூடப் பசங்க, எழுபது வயசுத் தாத்தா, ஆர்மி செலக்‌ஷனுக்கு ட்ரெயின் பண்றவங்க, முதுகுல மணல் மூட்டை வெச்சு ஏறுறவங்க, எல்லாரும் இருப்பாங்க. அந்தச் சூழல் எனக்கு ரொம்பப் பிடிக்கும், தனியா போனாலும் தனியா இருக்க மாட்டீங்க, அடிபட்டா தூக்கிவிட பத்து பேர் இருப்பாங்க. வழி தப்பவே முடியாது. வழி நெடுக லிம்பு சர்பத், மோர் விக்கிற மாவ்ஷிங்க (மராத்தில சித்தி) உக்காந்திருப்பாங்க, மேல போனா சின்ன மண்சட்டில உறைஞ்ச தயிர், பிட்லா பாக்ரி (கடலைமாவுக் குழம்பும் சோள ரொட்டியும்), சூடா வெங்காய பஜ்ஜி.

ஆனா இறக்கம்? அதே ரெண்டரை கிலோமீட்டர்ல அதே 600 மீட்டரை இறங்கணும். அத்தனை வருஷமா அத்தனை கால் மிதிச்சு மிதிச்சு மண்ணு போய் பாறையும் வேரும் வெளிய தெரியுது, மீதி இடத்துல பந்து உருட்டிவிட்ட மாதிரி சரளை, எதிர்ல ஏறி வர்ற கூட்டம் வேற, ஞாயித்துக்கிழமை எட்டு மணிக்கு மேல ஓடி இறங்கணும்னு நினைச்சாக்கூட அடுத்தவங்க மேல மோதாம முடியாது. ஓடுறதுக்கு தட்டையான இடம் இங்க சுத்தமா இல்ல, ஒண்ணு ஏறணும் இல்ல இறங்கணும். மேல கோட்டைக்குள்ள போனா கார் பார்க்கிங் வரைக்கும் ரோடு வருது, டிவி டவர் நிக்குது, கடைங்க, கூட்டம். கோட்டையா மனசுல நிக்கணும்னா கொஞ்சம் மெனக்கெட்டு கல்யாண் தர்வாஜாங்கிற வாசல் பக்கம், தானாஜி கடாங்கிற செங்குத்துப் பாறைச் சுவரோட விளிம்பு பக்கம் நடக்கணும். 1665-ல புரந்தர் ஒப்பந்தத்துல சிவாஜி முகலாயருக்கு விட்டுக்கொடுத்த 23 கோட்டைல இதுவும் ஒண்ணு, அப்போ பேரு கொண்டாணா. 1670 பிப்ரவரில ஒரு ராத்திரி சிவாஜியோட தளபதி தானாஜி மாலுசரே ஆட்களோட அந்தப் பாறைச் சுவர்ல ஏறி சண்டை போட்டு, கோட்டை கிடைச்சு, அவர் உயிர் போச்சு. அந்த விளிம்புல நின்னு கீழ எட்டிப் பாத்துட்டு, இருட்டுல கயிறைப் பிடிச்சு இதுல ஏறினாங்கன்னு நினைச்சா காலையில நாம ஏறினது ஒண்ணுமே இல்லன்னு தோணும், அது நெஜமான உணர்வு, அதுக்காகவே சின்ஹகட் போகணும். ஆனா ஓட்டத்துக்குன்னு பாத்தா இது ஒரு பயிற்சிக் கூடம், அவ்வளவுதான். புனேல இருக்குறவங்க வாரம் ஒரு தடவை வெறும் ஏத்தத்துக்கு மட்டும் போங்க, இறங்கும்போது நடந்தே இறங்குங்க, இல்லன்னா மேல இருந்து ஷேர் ஜீப்ல கீழ வந்துடுங்க, முட்டிக்கு நல்லது.

சின்ஹகட்டோட சேர்ந்த இன்னொரு ஆப்ஷன் கே2எஸ், அதாவது கத்ரஜ் பழைய டனல்ல இருந்து சின்ஹகட் வரைக்கும் மலை முதுகு மேலயே போற பாதை, பதினாறு கிலோமீட்டர் சுமார், பதிமூணு குன்றுன்னு கணக்கு சொல்வாங்க. பௌர்ணமி ராத்திரில ட்ரெக்கிங் குரூப்புங்க வரிசையா டார்ச் அடிச்சுக்கிட்டுப் போகும். ஒரு குன்று ஏறி இறங்கி அடுத்தது, அடுத்தது, நிழல் கிடையாது, வழில தண்ணி கிடையாது, ஒவ்வொரு இறக்கமும் குட்டையா ஆனா வழுக்கலா இருக்கும். இறங்கக் கத்துக்க இது அருமையான இடம், சின்னச் சின்ன டோஸா கிடைக்கும், ஆனா கோட்டை பாக்க வர்றவங்களுக்கு இல்ல, கடைசிலதான் சின்ஹகட் ரோட்டை வந்து தொடும், அதுக்குள்ள தெம்பு முடிஞ்சிருக்கும்.

இப்போ லோஹகட்–விசாபூர். புனே–லோணாவ்ளா லோக்கல்ல ஏறி லோணாவ்ளாவுக்கு முந்தின ஸ்டேஷன் மளவ்லில இறங்கிடலாம், வண்டியே வேணாம், இதுக்கே பாதி மார்க் குடுக்கலாம். ஸ்டேஷன்ல இருந்து எக்ஸ்பிரஸ்வேயைத் தாண்டி பாஜே கிராமம் வரைக்கும் ரோடு, மெதுவா ஓடி உடம்பு சூடாக சரியான தூரம். ஊர் மேல பாஜே குகைங்க, கி.மு. 2-ம் நூற்றாண்டு பௌத்தக் குடைவரைங்க, குதிரைலாட வளைவு வெச்ச பெரிய சைத்தியம், அதாவது வழிபாட்டு மண்டபம் ஒண்ணு இருக்கு, மேல மரத்துலயே விட்டம் போட்டிருப்பாங்க, திரும்பி வர்றப்போ தவற விடாதீங்க. அங்க இருந்து மலை ஏறி காய்முக் கிண்டுங்கிற கணவாய்க்கு வந்தா வலது கைப்பக்கம் லோஹகட், இடது கைப்பக்கம் விசாபூர், ரெண்டு கோட்டையும் ஒண்ணை ஒண்ணு பாத்துக்கிட்டு நிக்கும். ரெண்டையும் ஏறி இறங்கி ஸ்டேஷனுக்கே திரும்பினா இருபது கிலோமீட்டருக்குப் பக்கத்துல வரும், பாதில களைச்சா ஒரு கோட்டையோட திரும்பிக்கலாம். முதல் தடவை போறவங்களுக்கு இந்த ‘பாதில முடிச்சுக்கலாம்’ங்கிற வசதி எவ்வளவு பெருசுன்னு ராஜ்கட் பத்தி சொல்றப்போ புரியும்.

லோஹகட்ல ஏறுறதுக்கு அகலமான கல்படி, வளைஞ்சு வளைஞ்சு நாலு வாசல் தாண்டிப் போகும், கணேஷ், நாராயண், ஹனுமான், மகா தர்வாஜா. கீழ இருந்து எதிரி வந்தா ஒவ்வொரு வளைவுலயும் மேல இருக்குறவன் கண்ணுல பட்டுதான் ஆகணும்ங்கிற மாதிரி அமைப்பு, ஏறிக்கிட்டே திரும்பித் திரும்பி கீழ பாருங்க, புரியும். மேல போயிட்டா விரிஞ்ச மேடை, அதுலதான் நெஜமாவே ஓட்டம் ஆரம்பிக்கும். மேற்கு ஓரத்துல மலை ஒரு ஒல்லியான வாலா நீண்டு போகுது, விஞ்சு கடா, தேளோட கொடுக்குன்னு அர்த்தம், அந்த வாலுக்கும் மதில் கட்டி வெச்சிருக்காங்க. அது வரைக்கும் போய்ட்டு வர்றதுக்கு நடுவுல ஒரு சின்ன பாறை இறக்கம் இருக்கு, அதை மட்டும் கையை ஊனி இறங்கணும், மத்தபடி புல் மேட்டுல பவனா ஏரியைப் பாத்துக்கிட்டே ஓடலாம், எதிர்ல துங், திகோனா ரெண்டு கூம்புக் கோட்டையும் தண்ணிக்கு மேல நிக்கும். நவம்பர் காலைல அந்தக் காட்சி இருக்கே, இந்தியால ஓடுறதுக்கு இதைவிட நல்ல இடம் ரொம்பக் கம்மின்னுதான் நான் நம்புறேன்.

இறக்கத்துக்கு வருவோம், ஏன்னா அதுதான் நம்ம அளவுகோல். லோஹகட் இறக்கம் முழுக்கப் படி. படில ஓடக்கூடாது, முட்டிக்கு ஆகாது, ஆனா நிதானமா நடந்து இறங்க படியைவிட பாதுகாப்பானது கிடையாது, சறுக்காது, கால் எங்க வெக்கணும்னு யோசிக்க வேணாம், புதுக் காலுக்கு முதல் பாடம் இதுவா இருக்கட்டும். அதுக்கப்புறம் கணவாய்ல ஒரு சாயா குடிச்சுட்டு விசாபூர் ஏறினா அங்க ரெண்டாவது பாடம். ஒரு பக்கத்துப் பாதைல உடைஞ்ச படிங்க நடுவுல ஓடைத் தடம், மழைக்காலத்துல அருவியே அந்தப் படி வழியா இறங்கும், மழை முடிஞ்சப்புறம் உருண்டைக் கல்லு குவிஞ்சு கிடக்கும், அங்க கல்லுக்கு கல்லு பாத்து கால் வெக்கப் பழகலாம், உயரம் அதிகம் இல்லாததால கால் நடுங்கறதுக்குள்ள முடிஞ்சுடும். விசாபூர் 1,084 மீட்டர், லோஹகட் 1,033, அந்த அம்பது மீட்டர் வித்தியாசம் ஓடுறவங்களுக்கு ஒண்ணுமே இல்ல, ஆனா 1818-ல வெள்ளைக்காரன் விசாபூரை முதல்ல பிடிச்சதும், மேல பீரங்கி ஏறினா தாங்க முடியாதுன்னு லோஹகட் கைவிடப்பட்டுடுச்சு. விசாபூர் மேடை லோஹகட்டைவிட பெருசு, ஆளும் கம்மி, மதில் ஓரமாவே சுத்தி ஓடலாம், இடிஞ்ச கட்டடம், பாறைல வெட்டின தண்ணித் தொட்டி, அங்கங்க கிடக்குற பீரங்கி. ஒரே ஓட்டத்துல படி, மேடை, கல்லு, காட்டுப்பாதை, ரோடு எல்லாம் கிடைக்குது, எதுவும் ஆளைச் சாய்க்குற அளவுக்கு நீளமா இல்ல.

குறைன்னா கூட்டம்தான். ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் சனி ஞாயிறு மும்பை புனே ரெண்டு ஊரும் இங்கதான் இருக்கும், படில நிக்கக்கூட இடம் இருக்காது, பாறை பூரா பாசி, அப்போ ஓடவே போகாதீங்க. லோஹகட் தொல்லியல் துறை கட்டுப்பாட்டுல இருக்கு, டிக்கெட் உண்டு. நவம்பர்ல இருந்து பிப்ரவரிக்குள்ள ஒரு வார நாள் லீவு போட்டுப் போக முடிஞ்சா அதைவிட சிறப்பு இல்ல.

ராஜ்கட்டுக்கு வந்துட்டோம். கோட்டைன்னா இதுதான் கோட்டை. சிவாஜிக்கு ராய்கட் போறதுக்கு முன்னாடி இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல தலைநகர் இது, அப்போ அரசாங்கம் இங்க இருந்துதான் நடந்துச்சு. நடுவுல பாலேகில்லாங்கிற உச்சி, அதுல இருந்து மூணு திசைல மலை முதுகு நீளுது, பத்மாவதி மாச்சி, சுவேளா மாச்சி, சஞ்சீவனி மாச்சி. சஞ்சீவனில மதில் ஒத்தையா இல்ல, ரெட்டை மதில், நடுவுல குறுகலான இடைவெளி, வெளிச் சுவரை உடைச்சு உள்ள வந்தாலும் அடுத்த சுவருக்கும் நடுவுல மாட்டிக்கணும். அந்த மதில் மலையோட வளைவை அப்படியே பின்பற்றிக்கிட்டுப் போறதை பாலேகில்லால இருந்து பாத்தா, கட்டினவங்க இந்த மலையை எவ்வளவு கவனிச்சிருக்காங்கன்னு தெரியும். இதையெல்லாம் வாட்ச்சைப் பாத்துக்கிட்டே கடந்து போறது எனக்கு மனசே ஒப்பல. கோட்டையைத் தொட்டுட்டு யூ-டர்ன் அடிக்குற பாயிண்டா மட்டும் பாக்குற பழக்கம் நம்ம ரன்னர்ஸ்கிட்ட வளர்ந்துட்டு வருது, ஸ்ட்ராவா ஆப்ல ஏறின மீட்டர் மட்டும்தான் மிச்சம். அதுக்கு ஃப்ளைஓவர் போதுமே, இவ்வளவு தூரம் வரவே வேணாம்.

ஓட்டமா பாத்தா ராஜ்கட்ல ஏறுறதுக்கு ரெண்டு முக்கியமான வழி. பாலி தர்வாஜா வழி படிக்கட்டோட நிதானமா போகும், குஞ்சவணே பக்கம் இருந்து வர்ற சோர் தர்வாஜா வழி குட்டையானது ஆனா கடைசில பாறை, கம்பியைப் பிடிச்சுதான் ஏறணும். சோர் தர்வாஜால ஏறி பாலில இறங்குறதுதான் நல்லது, கம்பி பிடிச்சு ஏறுறது சுலபம், அதையே முகம் வெளிய பாத்த மாதிரி இறங்குறது வேற விஷயம், அதுலயும் கூட்டம் எதிர்ல வந்தா நடுவுல தொங்கிக்கிட்டு நிக்கணும். ஆனா பாலில இறங்கினா வண்டி குஞ்சவணேல நிக்கும், அதனால முன்கூட்டியே ஜீப் பேசி வெச்சுக்கணும், பஸ்ஸை நம்ப முடியாது. பாலேகில்லா ஏத்தமும் செங்குத்து, பாறைல வெட்டின படி, பக்கத்துல கம்பி. மொத்தத்துல கிலோமீட்டர் கம்மி, நிக்குற நேரம் அதிகம், ஓடுறதுக்குன்னு பாத்தா மாச்சிங்க மேலதான் கொஞ்சம். பத்மாவதி கோயில் பக்கம் ராத்திரி தங்குறவங்க உண்டு, அனுமதி இப்போ இருக்கா இல்லையான்னு கிளம்புறதுக்கு முன்னாடி கேட்டுக்கோங்க, விதிகள் மாறிக்கிட்டே இருக்கு. சுவேளா மாச்சி பக்கம் மலைத்தேனீ கூடு இருக்கும், சென்ட் அடிச்சுக்கிட்டுப் போறது, சிகரெட் பிடிக்கிறது, கத்துறது எதுவும் வேணாம், தேனீ கிளம்பினா அந்த ஒல்லி முதுகுல ஓடி ஒளிய இடமே இல்ல.

ஆசை காட்டுறது எல்லாம் ராஜ்கட்–தோர்ணா ரிட்ஜ்தான். தோர்ணா 1,403 மீட்டர், புனே மாவட்டத்துல ரொம்ப உயரமான கோட்டைங்கள்ல ஒண்ணு, 1646-ல பதினாறு வயசுல சிவாஜி முதல்ல பிடிச்ச கோட்டைன்னு சொல்வாங்க. அங்க கிடைச்ச புதையல்லதான் ராஜ்கட் கட்டினதுன்னு அடிவாரத்து டீக்கடைக்காரர் வரைக்கும் எல்லாரும் சொல்வாங்க. சஞ்சீவனி மாச்சில அளூ தர்வாஜா வழியா இறங்கி, நடுவுல ஒரு ரோட்டைத் தாண்டி, திரும்ப மலை முதுகு பிடிச்சு தோர்ணாவோட புத்லா மாச்சி வரைக்கும் போகணும். ரெண்டு பக்கமும் பள்ளம், வெயில் முழுக்க தலைமேல, தோர்ணா நெருங்குறப்போ இரும்பு ஏணியும் பாறை ஏத்தமும், அதுக்கப்புறம் வேல்ஹே ஊர் வரைக்கும் நீண்ட இறக்கம், அதுவும் கால் செத்தப்புறம். இங்கதான் நான் முதல்ல சொன்ன விஷயம் வந்து நிக்கும்: பாதில முடிச்சுக்கலாம்னா அந்த ஒரு ரோடு குறுக்க வர்ற இடத்தை விட்டா வழியே கிடையாது, அங்கயும் வண்டி வரும்னு உத்தரவாதம் இல்ல. சின்ஹகட், ராஜ்கட், தோர்ணா மூணையும் சேர்த்து எஸ்.ஆர்.டி அல்ட்ரான்னு ஒரு ரேஸே நடக்குது, 53 கிலோமீட்டர் பிரிவுல ஓடுறவங்களைப் பாத்தா ஆசையாத்தான் இருக்கும், அதே ரேஸ்ல சின்னப் பிரிவுகளும் உண்டு, ரேஸ்ல வழிகாட்ட ஆளும் தண்ணியும் இருக்கும். தோர்ணா ரிட்ஜை முதல் தடவை ஓடணும்னா அப்படி ஏற்பாடு இருக்குறப்போ ஓடுங்க, இல்லன்னா வழி தெரிஞ்ச ஊர்க்காரர் ஒருத்தரைக் கூட்டிக்கிட்டு நடந்து போங்க. புல் காய்ஞ்ச மார்ச் மாசத்துக்கு மேல வேணவே வேணாம், காய்ஞ்ச புல் சரளையைவிட வழுக்கும், ஷூல எவ்வளவு பல் இருந்தாலும் பிடிக்காது.

புரந்தர், ராய்கட் ரெண்டையும் கேப்பீங்க. புரந்தர் ராணுவத்துக்கிட்ட இருக்கு, அடையாள அட்டை காமிச்சு உள்ள போகணும், நேரக் கட்டுப்பாடு, கோட்டையோட கீழ்த்தளம் வரைக்கும் ரோடு, ஓட்டத்துக்கு இல்ல. ராய்கட் போக மலையைத் தாண்டி கொங்கண் பக்கம் இறங்கணும், ஆயிரத்துக்கு மேல படி, ரோப்வே இருக்கு, குடும்பத்தோட போய் நாள் முழுக்க இருந்து பாக்க வேண்டிய இடம்.

தமிழ்நாட்டுல இருந்துக்கிட்டே இப்படி ஒண்ணு வேணும்னா செஞ்சி இருக்கேன்னு சிலர் சொல்வாங்க, சரிதான், யுனெஸ்கோ 2025-ல மராட்டிய ராணுவக் கோட்டைங்கன்னு அறிவிச்ச 12-ல மகாராஷ்ட்ராவுக்கு வெளிய இருக்குறது செஞ்சி ஒண்ணுதான், லோஹகட்டும் ராஜ்கட்டும் அதே பட்டியல்ல இருக்கு. சிவாஜியோட ரெண்டாவது மகன் ராஜாராம் பொறந்தது 1670-ல ராஜ்கட்ல, முகலாயப் படை துரத்தினப்போ 1689 கடைசில செஞ்சிக்கு வந்து சேந்து அங்க இருந்தே மராட்டிய அரசை நடத்தினாரு, எட்டு வருஷம் முற்றுகை, தப்பிச்சுப் போய் 1700-ல சின்ஹகட்ல இறந்தாரு, சமாதி அங்க இருக்கு. அதனால ராஜ்கட், சின்ஹகட் பாக்குற தமிழ் ஆளுக்கு அது வேற மாதிரி நெருக்கமா இருக்கும். ஆனா ஓட்டத்துக்கு செஞ்சி எப்படின்னா, ராஜகிரி 240 மீட்டர் சுமார் உயரம், ஏறுறதே செங்குத்துப் படிதான், சுத்தி பெரிய பெரிய கிரானைட் உருண்டை, டிக்கெட் கவுண்டர் திறந்தப்புறம்தான் உள்ள விடுவாங்க, அதுக்குள்ள வெயில் ஏறிடும், படில குரங்கு கைல இருக்குற ஜெல் பாக்கெட்டைப் பிடுங்கிடும். சஹ்யாத்ரி போறதுக்கு முன்னாடி படி இறங்கிப் பழக செஞ்சி நல்லது, மார்கழி தை மாசத்துல போய் நடந்து ஏறி நடந்து இறங்குங்க, தொடை எந்த அளவுல இருக்குன்னு அங்கயே தெரிஞ்சிடும்.

சாமான் விஷயத்துல ரெண்டு மூணுதான் முக்கியம். ரோட் ஷூ வேணாம், அடில நாலஞ்சு மில்லிமீட்டர் பல் இருக்குற ட்ரெயில் ஷூ, அரை சைஸ் பெருசு, இறங்குறப்போ கால்விரல் முன்னால போய் இடிக்கும், நகம் கருத்துடும். தண்ணி லோஹகட்–விசாபூருக்கு குறைஞ்சது ஒன்றரை லிட்டர், கோட்டைத் தொட்டித் தண்ணியை நேரா குடிக்காதீங்க. கிராமத்துப் பெரியவங்களைப் பாத்தா ‘ஜெய் ஷிவராய்’னு சொல்லிட்டுப் போங்க, அங்க ட்ரெயில்ல எல்லாரும் எல்லாருக்கும் சொல்ற வணக்கம் அது, வழி கேட்டா கூட ரெண்டு அடி வந்து காமிச்சுட்டுப் போவாங்க. மதில் மேல ஏறி ஓடாதீங்க, கல்லு முன்னூறு வருஷமா தளர்ந்திருக்கு, உங்களுக்கும் ஆபத்து மதிலுக்கும் ஆபத்து.

ஒரே ஒரு வீக்கெண்ட்தான் கைல இருக்குன்னா சனிக்கிழமை சின்ஹகட்டை விடியக்காலைல நடந்து ஏறி, மேல தயிரும் பாக்ரியும் சாப்பிட்டுட்டு ஜீப்ல கீழ வந்துடுங்க, இறக்கத்தை அன்னிக்கு காலுக்குக் குடுக்காதீங்க. ஞாயித்துக்கிழமை முதல் லோக்கல் பிடிச்சு மளவ்லி, லோஹகட் முதல்ல, கூட்டம் வர்றதுக்குள்ள விஞ்சு கடா வரைக்கும் போய்ட்டு வந்துடலாம், கால் நல்லா இருந்தா விசாபூர், இல்லன்னா கணவாய்ல இருந்து நேரா பாஜே குகை. மூணாவது நாள் லீவு கிடைச்சா அது ராஜ்கட்டுக்கு, ஷூ மாத்தி, கேமராவோட, பாலி வழில நடந்தே ஏறி நடந்தே இறங்குங்க. மளவ்லில மதியம் கொஞ்ச நேரம் லோக்கல் ரொம்பக் கம்மியா இருக்கும், டைம்டேபிளை முந்தின நாளே பாத்து வெச்சுக்கோங்க, இல்லன்னா ஆட்டோ பிடிச்சு லோணாவ்ளா போய் பஸ் ஏற வேண்டியிருக்கும்.